மழை வரும் என்று சொன்னவளுக்கு

இன்று காலை லிஃப்டில் நாலாவது மாடிப் பெண் ஏறினாள். திருநெல்வேலிக்காரி, கணினி வேலை. கையில் ஒரு பட்டுப் புடவை. அதன் அந்துருண்டை வாசனை லிஃப்ட் முழுவதும் அடித்தது. ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறாராம். நாளை மெரினா கலங்கரை விளக்கத்துக்கு அழைத்துப் போகிறாளாம்.

"மொத தடவ மெட்ராஸ் பாக்காவ ஆன்ட்டி, அதான் பட்டு கெட்டச் சொல்லிருக்கேன்."

"பட்டு வேண்டாம்மா. மேல காத்து முந்தானையப் பிடுங்கும். காட்டன் கட்டச் சொல்லு. தோள்ல ஒண்ணு, கொசுவத்துல ஒண்ணு பின் குத்திக்கச் சொல்லு. மத்தியானத்துக்கு மேல கிளம்புங்க" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது முழுக்க உன் பாடம் என்பது உறைத்தது. உச்சரிப்பு மட்டும்தான் என்னுடையது.

இதைக் கேட்டிருந்தால் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். உடை விஷயத்தில் நான் யாரிடமும் பாடம் கேட்டவள் இல்லை. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில், பாவாடையின் ஓரம் முழங்காலுக்குக் கீழே எங்கே நிற்க வேண்டும் என்று அளந்து பார்ப்பார்கள். அங்கே படித்தவளுக்கு யார் என்ன சொல்லித்தர முடியும்? கடற்கரைச் சாலை அலுவலகத்தில் நான் சுருக்கெழுத்தராகச் சேர்ந்த முதல் நாள், கஞ்சி போட்ட என் புடவை மடிப்பை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கான்வெண்டா?" என்று கேட்டாய். அதுவே என் பெயராயிற்று. எனக்குப் பிடிக்கவில்லை. பிடித்ததா என்று நீ கேட்கவும் இல்லை.

நீ அங்கே தொலைபேசி ஆபரேட்டர். இணைப்பில் பேசும்போது உன் தமிழும் ஆங்கிலமும் சலவை செய்தவை போல இருக்கும். ரிசீவரைக் கீழே வைத்த மறு நொடி, "இன்னா கான்வெண்டு, துன்ட்டியா?" என்பாய். கோவில்பதாகையில் பரம்பரையாகப் பயிர் செய்த வீடு உன்னுடையது. ஆவடியில் மின்சார ரயிலில் ஏறி, பெண்கள் பெட்டியில் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்துக்கொண்டு வருவாய். நான் அம்பத்தூரில் ஏறுவேன்.

கலங்கரை விளக்கம் அலுவலகத்துக்குப் பக்கம் என்பதால், நம் இருவர் வீட்டுக்கும் வருகிற உறவினரையெல்லாம் அங்கேதான் கூட்டிப்போனோம். இடையில் பாதுகாப்புக்காகப் பல வருடம் பொதுமக்களை மேலே விடாமல் வைத்திருந்தார்கள். திறந்தபோது நாம் ஓய்வு பெற்றிருந்தோம். அப்போதும் போனோம்.

உன் பாடத்தின் சாரம் ஒன்றுதான்: "நம்ம ஊடு வேற, கடல் வேற." நம் பக்கத்து ஜனங்கள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்து உடுத்துகிறார்கள், போகிற இடத்தின் காற்றை நினைப்பதில்லை. சித்திரையில் கடற்கரையில் உச்சிப்பொழுதுக்கே காற்று திரும்பிவிடும். அது அம்பத்தூருக்கு வர மாலையாகும், ஆவடிக்குச் சில நாள் வராமலே போகும். ரயிலில் விசிறிக்கொண்டே ஒருத்தி எங்கேடி காற்று என்று அலுத்துக்கொண்டபோது, "சென்ட்ரல்ல எறங்கி டீ குட்ச்சிகினு கீது, வரும்" என்றாய். பெட்டியே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பு எனக்கும் வந்தது, காட்டவில்லை.

மார்கழியில் இதற்கு நேர் எதிர். ஏரிப் பக்கமெல்லாம் பனி மூடிக் கிடக்கும். நம் ஆட்கள் ஸ்வெட்டரும் மங்கிக் குல்லாவுமாகக் கிளம்புவார்கள். பெரம்பூர் தாண்டும்போது ஒவ்வொன்றாகக் கழன்று மடிக்கு வரும். ஒரு மார்கழியில் நானும் கருநீல ஸ்வெட்டரைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்தேன். மணலில் வெயில் சுள்ளென்று அடித்தது.

"கழட்டேன்."

"வேண்டாம்."

"ஆவடிப் பனிய நம்பிகினு கடலுக்கு சொட்டரு போட்டுகினு வந்த மொத ஆளு நீ இல்ல. வெக்கப்படாத, கழட்டு."

கழற்ற முடியாததற்குக் காரணம் வேறு. உள்ளே இருந்த ரவிக்கைக்கு நான் இஸ்திரி போடவில்லை. ஸ்வெட்டர் மறைத்துக்கொள்ளும் என்று விட்டிருந்தேன். அன்று மாலைவரை வியர்வையில் ஊறினேனே தவிர ஒரு பொத்தானையும் கழற்றவில்லை. காரணத்தை எப்படியோ கண்டுபிடித்துவிட்டாய். அடுத்த மார்கழி முழுக்க, ரயிலில் என்னைப் பார்த்ததும், "இஸ்திரி ஆச்சா?" என்பதே உன் வணக்கம்.

இவை எல்லாம் வேடிக்கை. ஐப்பசிப் பாடம் அப்படி இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு, என் கணவர் இறந்துபோன வருடம் அது. என்னை வெளிர் நிறம் உடுத்தச் சொன்னவர் ஒருவருமில்லை. பதினாறாம் நாளுக்குள் அடர் நிறப் புடவைகளையெல்லாம் மடித்து நானே மேல் தட்டில் ஏற்றிவிட்டேன். யாரும் சொல்வதற்கு முன் நானே செய்துவிட்டால், யாருக்கும் என்னிடம் சொல்லும் உரிமை இராது என்பது என் கணக்கு. அந்தக் கணக்கில் பத்து மாதம் கழிந்தது. வங்கிக்கும் மருந்துக் கடைக்கும் தவிர நான் எங்கும் போகவில்லை. கீழ் வீட்டில் இருந்த நாத்தனார், "நம்ம குடும்பத்துல இவள மாதிரி யாரும் இருந்ததில்ல" என்று வருகிறவர்களிடமெல்லாம் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார். புகழப்படுகிறவள் படியிறங்குவது கடினம்.

ஒரு காலை நீ வந்து நின்றாய். "கெளம்பு. லைட் ஹவுஸ் போலாம்."

"இந்த வருஷம் நான் எங்கயும் போறதில்ல."

"கோயிலுக்கா கூப்டேன்? வெளக்குதானே. அதுக்கு இன்னா தீட்டு?"

உன்னோடு வாதாடுவதைவிடப் போய்வருவது எளிது. உள்ளே போய் மெல்லிய சந்தன நிறப் பருத்தி உடுத்தி வந்தேன். முதல் நாள் அலுவலகத்தில் பார்த்தது போலவே ஏற இறங்கப் பார்த்தாய்.

"இத்த கட்டிகினா வர்ற? ஐப்பசி மாசம். மழ வரும். ஒரு தூறல் பட்டா கண்ணாடி மாரி ஆய்டும். கான்வெண்டுல இதான் கத்துக் குட்தாங்களா?"

கணவனை இழந்தவள் இன்னும் எத்தனை நாள் இப்படி என்று நீ கேட்டிருந்தால், கதவைக் காட்டியிருப்பேன். எல்லாம் பழகிவிடும் என்று ஆறுதல் சொல்லியிருந்தாலும் காட்டியிருப்பேன். ஆனால் நீ பேசியது நனையப்போகும் புடவையைப் பற்றி. நாற்காலி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து அரக்கு நிற நைலக்ஸ் புடவையை எடுத்தேன். பத்து மாத மடிப்பு அதில் கோடாக விழுந்திருந்தது. இஸ்திரி போட்டுத்தான் கட்டினேன், நீ காத்திருந்தாய்.

கேட்டருகே நாத்தனார். அவர் பார்வை என் முந்தானையில் நின்றது. "எங்க கிளம்பிட்ட, இந்தக் கலர்ல?"

நான் வாய் திறக்கும் முன் நீ சொன்னாய்: "மழைக்குங்க. வெளுப்பா கட்டிகினு போயி நட்டநடு ரோட்ல நனைஞ்சா மானம் போய்டும்ல?"

நாத்தனார் யோசித்தார். மானம் அவருக்கும் முக்கியம். உள்ளே போய்க் குடை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார்.

கொரட்டூரில் வெயில் வந்தது. சென்ட்ரலில் வானம் துடைத்த பலகையாக இருந்தது. கலங்கரை விளக்கத்தின் லிஃப்டிலிருந்து இறங்கிச் சில படிகள் ஏறி வெளிமாடத்துக்கு வந்தோம். காற்று என்றால் அப்படி ஒரு காற்று. கிழக்கே ஒரு மேகம்கூடக் கிடையாது. குடையை இடுக்கிக்கொண்டு உன்னைப் பார்த்தேன். உன் கையில் குடை இல்லை. நீ உடுத்தியிருந்தது இளமஞ்சள் வாயில் புடவை, உள்பாவாடை தெரிகிற அளவு மெல்லியது. காலையிலிருந்து பக்கத்திலேயே இருந்தும் எனக்கு அது கண்ணில் படவில்லை. நீ மழையை நினைத்துக் கிளம்பவே இல்லை.

"எங்க மழை?" என்றேன்.

"வானம் ஏமாத்திச்சு. நான் இன்னா பண்ண?"

"உன் புடவை?"

"எனுக்கு இன்னா, நான் கான்வெண்டா? நனைஞ்சா நனையட்டும்."

பறந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். கீழே படகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வீடு திரும்பியபோது நாத்தனார் குடையைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஐப்பசி முழுவதும் அடர் நிறமே உடுத்தினேன், கார்த்திகையிலும். தை பிறந்தபோது மழைக்காலம் முடிந்தது. நான் உடுத்துவது மாறவில்லை. அதற்குள் அது யாருக்கும் செய்தியாக இல்லை.

நீ போனது இந்த வைகாசியில். கத்திரி முடிந்தும் வெயில் தணியாத நாள். கோவில்பதாகையில் உன் வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். காற்று இல்லை. நான் கருஞ்சிவப்பில் பச்சைக் கரை போட்ட புடவை உடுத்தி, மாலையோடு போனேன். கால்மாட்டில் உட்கார்ந்திருந்த உன் தம்பி மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாம்மா இது, சாவு ஊட்டுக்கு இந்தக் கலரு கட்டிகினு வந்துகீறீங்க?"

"மழை வரும்னு சொன்னாங்க" என்றேன்.

பெண்கள் சாமியானாவின் இடைவெளியில் வானத்தைப் பார்த்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை. தலைமாட்டில் இருந்த உன் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று ஒருத்தி முதுகைத் தடவினாள். முதலில் வந்தது சிரிப்பு. அழுகை அதன் பின்னால்தான் வந்தது. அந்த ஐப்பசியை அவளிடம் நீ சொல்லியிருக்கிறாய். என்னிடம் மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

உன் பாடப்படி அன்றைக்கு மெல்லிய வெள்ளைப் பருத்திதான் சரி. திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் முதுகு நனைந்துபோயிற்று. பரவாயில்லை. இப்போதும் காலையில் எழுந்ததும் பால்கனிக்குப் போய் வானத்தைப் பார்க்கிறேன். நன்றாகவே பார்க்கிறேன். பிறகு உள்ளே வந்து, எனக்கு எது வேண்டுமோ அதை உடுத்திக்கொள்கிறேன்.