வரிப் பட்டியலில் என் பெயர்

அன்புள்ள மகனுக்கு,

இந்த நாட்டில்தான் வரிப் பட்டியலில் யார் வருமானத்தையும் யாரும் பார்க்கலாமே, பார்த்தவர் பெயரும் உரியவருக்குத் தெரியுமே. உன் வருமானத்தைத் தேடிப் பார்த்தவர்களில் என் பெயரும் இருக்கும். உன் தங்கை மாரித்துடையதையும் பார்த்தேன்.

நீங்கள் இருவரும் ஒரே மீன் ஆலையில், ஒரே ஆண்டில், ஒரே வேலைக்குச் சேர்ந்தீர்கள். அவளுக்கு ஆண்டுச் சம்பளம் எண்பதாயிரம் குரோனர் குறைவு.

ஞாயிறன்று அவள், "அண்ணனுக்கு என்னவோ அதேதாம்மா எனக்கும். வேணா அந்தச் சோம்பேறியையே கேளு" என்று சிரித்தாள். நீ தலை நிமிராமல் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாய்.

ஆசிரியையாக இருந்த காலத்தில், வகுப்பில் காப்பியடித்தவனைவிட, தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறேன்.

வியாழனன்று அவள் சம்பளம் பேசப் போகிறாள். எவ்வளவு கேட்பதென்று அவளுக்குத் தெரியாது. நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் உன்னை மன்னிக்கமாட்டாள்.

அவள் வருமானத்தைப் பார்த்தவர்கள் பட்டியலிலும் என் பெயர் இருக்கிறது. காலையிலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டாள். நான் எடுக்கவில்லை.

உன் அம்மா