இலைக்கு அடியில் புள்ளி வரிசை

அக்கா,

காலையில் வெட்டிய இலைகளின் பழுப்புத் தூள் இன்னும் என் விரல்களில் இருக்கிறது. சேலையில் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை, ரேகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. முகர்ந்தால் நனைந்த மண் வாசனை. இன்று உங்கள் வருஷப் படையல். உங்கள் படத்தைச் சுற்றிக் கட்டத்தான் அந்த இலைகளை வெட்டினேன். உங்கள் மருமகள்தான் வந்து கேட்டாள்.

“சின்னத்த, அத்த படத்துக்கு ஒங்க எலயக் கொஞ்சம் வெட்டித் தரீங்களா? பூக்கடையில வைக்கிற மாரியே கீது.”

அவளுக்கு ஒன்றும் தெரியாது. இருப்பதிலேயே பெரிய இலைகளாகப் பார்த்து வெட்டி, நானே கட்டித் தருகிறேன் என்றேன். செத்தவர்களைப் பற்றிக் குறை பேசக்கூடாது என்பார்கள். நான் பேசப் போகிறேன். நீங்கள் எனக்கு மூத்த ஓரகத்தி, அதனால் மரியாதை குறையாமல் பேசுவேன். அவ்வளவுதான் என்னால் முடியும்.

பாகம் பிரித்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கச்சிராயபாளையத்து வீட்டை அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் நடுச்சுவர் வைத்துப் பிரித்தார்கள். வாசலும் வெயில் விழும் களமும் உங்களுக்கு, கிணற்றடியை ஒட்டிய பின்பக்கம் எங்களுக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய புங்கமரம். மரம் உங்கள் பாகம், அதன் நிழல் எங்கள் பாகம். வருஷம் முழுக்க ஈரமும் பாசியுமாகக் கிடக்கும். இந்த இருட்டை இவளுக்குக் கொடுக்கிறோமே என்று பெரியவர் ஒருவர் தயங்கியபோது, கூடத்தில் அத்தனை பேர் முன்னால் நீங்கள் சொன்னீர்கள்: “அவளுக்கு இன்னாத்துக்கு வெயிலு? புள்ளத் துணியா காயப்போடப் போறா?”

சிரித்தவர்களின் முகம் மறந்துவிட்டது. உங்கள் முகம் மறக்கவில்லை.

அந்த இருட்டில் என்ன வளரும் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கல்வராயன் மலைக்குப் போனோம். வெள்ளிமலையைத் தாண்டி ஓர் ஓடைக்கரையில் இந்தச் செடிகள் இடுப்பு உயரத்துக்கு நின்றன. பக்கத்து நிலத்துக்கார அம்மாவிடம் கேட்டேன். மண்ணோடு ஒரு குத்துப் பெயர்த்து, வாழைமட்டையில் சுற்றிக் கொடுத்தாள். பெரணி என்ற பெயரே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மலை இறங்கும் வரை பஸ்ஸில் மடியில் வைத்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார், யாராவது பார்த்தால் சிரிப்பார்களாம்.

நம் ஊர் வெயிலில் அது பிழைக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிழைக்க வைத்தேன். அடியில் செங்கல் உடைசலும் அடுப்புக்கரியும், அதன்மேல் மணலும் மக்கிய புங்கந்தழையும். குருத்து கிளம்பும் கொண்டையை மண்ணுக்குள் புதைக்கக்கூடாது, கொண்டுவந்ததில் பாதி அழுகிய பிறகுதான் அது புரிந்தது. வேரடியில் கரும்புத் தோகையைப் பரப்பிவிட்டேன். சித்திரையில் சுற்றிச் சாக்கு கட்டி நனைத்தபடியே இருப்பேன். காய்ந்த இலையை உடனே அறுக்கமாட்டேன், புதுக்குருத்து சுருள் பிரிந்து நிமிரும் வரைக்கும் அதுதான் அதற்குக் குடை. சில மழைக்காலம் போனதும், மலையில் பார்த்ததுபோலவே இடுப்பளவுக்கு வந்து நின்றது.

கிணறு மட்டும் பொது, பாத்திரம் கழுவ வரும்போதெல்லாம் கேட்பீர்கள், பூக்குமா, காய்க்குமா என்று. இல்லை என்று தெரிந்துகொண்டே கேட்பீர்கள். பக்கத்து வீட்டுக்காரி இருந்தால் குரல் கொஞ்சம் கூடும். “பூக்காது, காய்க்காது. அவளுக்கு ஏத்த செடிதான்.” நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். டாக்டர் டாக்டராக அலைந்து ஓய்ந்தவளிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

ஒரு நாள் பதில் கிடைத்தது. இலைகளுக்கு அடியில் பழுப்புப் புள்ளிகள் வந்திருந்தன. இது என்ன சொறியா என்று கேட்டீர்கள். அதே சந்தேகம் எனக்கும் வந்து, கள்ளக்குறிச்சி நர்சரியில் விசாரித்து வைத்திருந்தேன். இலையைத் திருப்பி உங்கள் கையிலேயே கொடுத்தேன். நோய் என்றால் கண்ட இடத்தில் இருக்கும், இது நரம்புக்கு இரண்டு பக்கமும் அளவெடுத்த மாதிரி நிற்கிறது பாருங்கள் என்றேன். விரலை வைத்துத் தடவிப் பார்த்தீர்கள். மார்கழியில் தெருவிலேயே பெரிய கோலம் உங்கள் வாசலில்தான் இருக்கும்.

“ஆமாண்டி, கோலப்புள்ளி மாரி வரிசையா வச்சிகினு கீதே.”

இதுதான் அதற்கு விதை, பூவும் வேண்டாம் காயும் வேண்டாம் என்று சொன்னேன். கொஞ்சம் சந்தோஷத்தோடுதான் சொன்னேன். உங்கள் முகம் சுண்டிப்போனது. இலையை விட்டுவிட்டுப் பாத்திரத்தோடு போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு என்னைக் குத்த அந்த வார்த்தை உங்களுக்கு உதவவில்லை.

அந்த வருஷம் கரும்பில் துரு நோய் வந்தது. தோகையெல்லாம் பழுப்புப் புள்ளி. உங்கள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சோறு தண்ணீர் இல்லாமல் வயலிலேயே கிடந்தார். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் என்று நாங்கள் புதுச்சேரிக்குப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்து பின்கதவைத் திறந்தேன், கண் கூசியது. அந்த இடத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. புங்கமரம் அடியோடு இல்லை. பெரணிகள் கருகி, களைக்கொல்லி நாற்றத்தோடு தரையோடு தரையாகக் கிடந்தன.

சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னீர்கள்: “அதுலயும் துரு புடிச்சிருந்துச்சி. அங்கேர்ந்துதான் கரும்புக்குப் பரவுதுன்னு மருந்து அடிச்சிட்டாரு. மரத்து நெழலாலதான் நோயே வருதாம். நீயும் வூட்ல இல்ல, இன்னா பண்றது?”

மாமாவை நான் குறை சொல்லமாட்டேன். கரும்புக்காரர், பழுப்புப் புள்ளி என்று நீங்கள் சொன்னதும் பயந்துவிட்டார். நீங்கள் அப்படி இல்லை. உங்கள் விரல் அந்த வரிசையைத் தடவியிருக்கிறது. அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால், போயும் போயும் செடிக்காகவா சண்டை என்று ஊர் சிரித்திருக்கும். அன்றிலிருந்து உங்களை வெறுக்கிறேன். நீங்கள் படுக்கையில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது நான்தான். வெறுத்துக்கொண்டேதான் கொடுத்தேன், உப்பு மட்டும் சரியாகப் போட்டேன்.

நீங்கள் தெளிக்கச் சொன்ன மருந்து மண்ணோடு நின்றுவிட்டது. மழை பிடித்ததும் கிணற்றின் உள்சுவரில், செங்கல் இடுக்கில், அந்தப் புள்ளிகளின் தூள் பறந்து ஒட்டிய இடத்தில், நகக்கண் அளவுக்குப் பச்சை படர்ந்தது. அதிலிருந்து குட்டிக் குட்டி இலைகள் வந்தன. கைக்கு எட்டியதைச் சுரண்டி எடுத்து, மரம் இருந்த பக்கம் பச்சை வலை கட்டி, முதலிலிருந்து வளர்த்தேன். இப்போது என் தோள் உயரம். கடைசிக் காலத்தில் ஜன்னல் வழியாக நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தீர்கள். பூக்குமா என்று கேட்கவில்லை.

இன்று படத்தைச் சுற்றி இலைகளைக் கட்டும்போது, பச்சை முகத்தைச் சுவருக்கும் அடிப்பக்கத்தைக் கூடத்துக்குமாக வைத்துக் கட்டினேன். இலை திரும்பியிருக்கிறதே என்று மருமகள் கேட்டாள். அப்படித்தான் கட்ட வேண்டும் என்றேன். நேரம் போகப் போக இலை வாடித் தூள் உதிர ஆரம்பித்தது. படத்துக் கண்ணாடியில் உங்கள் பொட்டின்மேலும் கன்னத்தின்மேலும் படிந்தது. வாழையிலை போட்டுச் சோறு வைத்தாயிற்று. கற்பூரத் தட்டோடு வந்த மாமா, படத்துக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார்.

“இன்னாம்மா இது, துருவா?”

“இல்ல மாமா, அதோட வெத. நோயா இருந்தா இப்டி வரிசையா நிக்குமா, பாருங்க.”

மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மரத்தை வெட்ட ஆள் கூப்பிட்டவர் அவர், மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அடித்தவரும் அவர். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“இது அவளுக்குத் தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். படையல் நாள், பேரப்பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நான் சொல்லவில்லை அக்கா, அந்தத் தயவை உங்களுக்குக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

“தெரியும் மாமா. நாந்தான் காட்டினேன். கோலப்புள்ளி மாரி கீதுன்னு சொன்னாங்க.”

கற்பூரத்தை ஏற்றினார். தரையைப் பார்த்துக்கொண்டே சுற்றினார், உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மருமகள் துணி எடுத்துக்கொண்டு படத்தைத் துடைக்க வந்தபோது, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் களத்துப் பக்கம் போய்விட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

அதற்காக நான் வருத்தப்படவில்லை. சாப்பிட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன், இன்னொரு வடைகூடக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தூள் படிந்த இடது கையை மட்டும் இன்னும் கழுவவில்லை. உங்கள் குளியலறையின் வெளிச்சுவரில் குழாய் கசிந்து, வெயில் படாமல் எப்போதும் ஈரமாக இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் அங்கே போய் இந்தக் கையைத் தட்டிவிட்டு வருவேன். ஐப்பசிக்குள் உங்கள் சுவர் பச்சை பிடித்துவிடும்.