இருபத்தைந்தாவது பெயர்

ஆகஸ்ட் 6

இன்று மட்டும் பதினோரு முறை மாடி ஏறி இறங்கியிருக்கிறேன். சேர்மன் இரண்டாம் மாடியில், கோச் தரைத்தளத்தில், கிளப் செயலாளரான நான் நடுவில். மார்ச் மாதத்திலிருந்து அவர்கள் இருவரும் நேரில் பேசுவதில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மார்க்கர் பேனா. ஒரு கால்பந்து ஆட்டத்தின் இடைவேளையில் சேர்மன் வீரர்களின் அறைக்குள் நுழைந்து, பலகையில் கோச் வரைந்து வைத்திருந்ததை அழித்துவிட்டு, தானே வேறு திட்டம் வரைந்து காட்டினார். தோற்றோம். யார் போட்ட படத்தால் தோற்றோம் என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

அன்றிலிருந்து இருவருக்கும் வாய் நான்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு அந்தக் கதி இல்லை. ஒரு பக்கத்து இடியை வாங்கிப் பஞ்சு சுற்றி மறுபக்கம் கொடுக்கத் தெரியும்.

காலையில் சேர்மன் சொன்னது: "அந்த ஆளுக்குப் பந்துக்கும் பூசணிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாதுன்னு போய்ச் சொல்லுங்கம்மா."

கீழே போய் நான் சொன்னது: "பயிற்சியை இன்னும் கொஞ்சம் கவனிச்சா நல்லதுன்னு நினைக்கிறார் சார்."

கோச் முகம் மலர்ந்துவிட்டது. "பரவாயில்லையே, மரியாதையா பேச ஆரம்பிச்சுட்டாரே!"

இந்தக் கிளப் என் நாக்கில்தான் நிற்கிறது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என் நோட்டில் நான் பெருமைப்படாமல் வேறு எங்கே போய்ப் பெருமைப்படுவது?

ஆகஸ்ட் 9

லீக் அலுவலகத்திலிருந்து கடிதம். இந்தப் பருவத்தில் ஆடப்போகும் இருபத்தைந்து பேரின் பட்டியல் 31ஆம் தேதி மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். ஒரே தாளில் சேர்மன், கோச் இருவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும். தவறினால் ஜனவரி வரை புதிதாக யாரையும் இறக்க முடியாது.

இருபத்து நாலு பெயரில் தகராறு இல்லை. இருபத்தைந்தாவதில்தான் இரண்டு பேருக்கும் மானப் பிரச்சினை. சேர்மன், தானே போய்ப் பிடித்துவந்த புது ஆட்டக்காரன் இருக்க வேண்டும் என்கிறார். வேகத்தைப் பார்த்து எல்லோரும் அவனைப் புயல் என்கிறார்கள். கோச், நம் கேப்டன் இல்லாமல் அணி இல்லை என்கிறார். கேப்டனுக்கு வயது முப்பத்து நாலு. பிப்ரவரியில் முழங்காலில் ஆபரேஷன். இந்தப் பட்டியலில் இல்லையென்றால் அநேகமாக அவர் ஆட்டம் அவ்வளவுதான்.

இருபத்திரண்டு நாள் இருக்கிறது. நான் இருக்கிறேன். பார்த்துக்கொள்வோம்.

ஆகஸ்ட் 14

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது என் கணவரிடம் இன்றைய தூதுகளைச் சொல்லிச் சிரித்தேன். கணக்கு வாத்தியார் அல்லவா, சிரிக்காமல் சொன்னார்: "நீ தபால்காரி வேலையா பார்க்குற? சமையல்காரி வேலை பார்க்குற. கொடுத்ததை அப்படியே கொடுக்காம தாளிச்சுக் கொடுக்குற."

தாளிக்காமல் கொடுத்தால் யாராவது வாயில் வைப்பார்களா?

ஆகஸ்ட் 17

டாக்டர் கேப்டனின் முழங்காலை மறுபடி பரிசோதித்து அறிக்கை கொடுத்திருக்கிறார். கோச் அதைச் சேர்மனுக்குக் கொடுக்கச் சொன்னார். மேல்மூலையில் சிவப்புப் பேனாவால், கொட்டை எழுத்தில், "படிக்கத் தெரிந்தால் படிக்கவும்" என்று எழுதியிருந்தார்!

இதை மேலே கொண்டுபோனால் கட்டடம் பற்றிக்கொள்ளும். மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். மேலே போய், "கேப்டனுக்கு இப்ப ரொம்பத் தேவலையாம் சார்" என்று மட்டும் சொன்னேன். சேர்மன் 'உம்' கொட்டினார். சேர்மன் உம் கொட்டினால் பாதிச் சம்மதம்.

ஆகஸ்ட் 20

கேப்டன் வந்தார். உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். பக்கத்து ஊர்க் கிளப் ஒன்று இரண்டு வருடத்துக்குக் கூப்பிடுகிறதாம். நாளைக்குள் பதில் கேட்கிறார்களாம்.

"அக்கா, மனசுல உள்ளதைச் சொல்லுங்க. லிஸ்ட்ல என் பேர் இருக்கா?"

"இருக்கு. தைரியமா போங்க."

சேர்மன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒத்துக்கொள்வார். நான் ஒத்துக்கொள்ள வைப்பேன். ஆகவே சொன்னது பொய் ஆகாது; கொஞ்சம் முன்கூட்டிச் சொன்ன உண்மை.

ஆகஸ்ட் 21

கேப்டன் அந்தக் கிளப்புக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாராம். நல்லது.

ஆகஸ்ட் 27

சேர்மன்: "என் பொணத்தைத் தாண்டித்தான் அந்த முட்டிவலிக்காரன் லிஸ்ட்டுக்குள்ள வரணும்."
கோச்சிடம் நான்: "இறங்கி வந்துக்கிட்டிருக்கார் சார்."

கோச்: "அந்தப் புயலை அவர் வீட்டு மொட்டைமாடியில ஓடவிடச் சொல்லுங்க."
சேர்மனிடம் நான்: "கோச்சுக்குப் பெரிசா ஆட்சேபணை இருக்கிற மாதிரி தெரியலை சார்."

இரண்டு பேரும் களைத்துக்கொண்டு வருகிறார்கள். 30ஆம் தேதிக்குள் ஒருவர் விட்டுக்கொடுப்பார்.

ஆகஸ்ட் 31

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினோரு மணிக்கு என் மேஜையில் இரண்டு பட்டியல்கள். ஒன்றில் கேப்டன் பெயர், கோச் கையெழுத்து. மற்றதில் புயல் பெயர், சேர்மன் கையெழுத்து. மேலே ஓடினேன். "கோச்சுக்கு ஆட்சேபணை இல்லைன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?" என்றார் சேர்மன். கீழே ஓடினேன். "அவர் இறங்கி வந்துட்டார்னு சொன்னது நீங்கதானே மேடம்?" என்றார் கோச்.

நான்தான். ரெண்டும் நான்தான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மைதானத்தைச் சுற்றிக் கேப்டன் ஓடிக்கொண்டிருந்தார். என்ன பண்ணித் தொலைச்சிருக்கேன் நான்? வந்த வாய்ப்பை அந்த மனுஷன் என் ஒரு வார்த்தையை நம்பி விட்டுட்டாரே! இன்னொரு பொய்யும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது, வெட்கமாக இருக்கிறது. அதை விழுங்கினேன்.

இரண்டு மணிக்கு இருவருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி அனுப்பினேன்: நான் ஒரு தப்பு செய்துவிட்டேன், என் அறைக்கு வாருங்கள். வந்தார்கள். ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தால் இறங்கிப்போனதாகிவிடும் என்று இரண்டு பேரும் நின்றார்கள்.

இந்த நோட்டை எடுத்து வாசித்தேன். பூசணிக்காய், பிணம், முட்டிவலி, மொட்டைமாடி, ஒன்று விடவில்லை. அதற்கு அடியில் நான் மாற்றிச் சொன்னதையும் வாசித்தேன். என் குரல் நடுங்கவில்லை. அது எப்படி என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு ஐந்து மாதத்துக் கத்தல் மொத்தமும் என் அறையில் நடந்தது. வீரர்களின் துணி துவைக்கும் அம்மா கீழேயிருந்து ஏறிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கத்தலின் நடுவில் சேர்மன் சொன்னார்: "ஜூன்ல டாக்டரே ஆடக்கூடாதுன்னு எழுதியிருக்கார்யா!"

"ஆகஸ்ட் ரிப்போர்ட்ல முழு உடல்தகுதின்னு எழுதியிருக்காரே. அதைப் பார்க்கலையா?"

"யார் அனுப்பினா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இழுப்பறையைத் திறந்து தாளை நீட்டினேன். சேர்மன் சிவப்பு எழுத்தைப் படித்தார். மூக்கு விடைத்தது. அப்புறம் மீதியையும் படித்தார், இரண்டு தடவை. "படிக்கத் தெரியும்யா எனக்கு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஓடுவானா?"

"வந்து பாருங்க" என்று ஜன்னலைக் காட்டினார் கோச்.

கேப்டன் மறுபடியும் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். கொஞ்சம் பொறுத்து கோச்சே சொன்னார்: "லிஸ்ட்ல இருக்கிற, நான் கூட்டிக்கிட்டு வந்த நடுக்களப் பையனை இந்த வருஷம் வேற கிளப்ல ஆடவிடுறேன். கேப்டனையும் போடுவோம், உங்க புயலையும் போடுவோம்."

பத்தே நிமிடம். மூன்று வாரமாக நான் ஏறி இறங்கிய வேலை. பட்டியல் போய்ச் சேரும்போது மணி நாலு நாற்பத்தொன்று.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போகுமுன் சேர்மன் திரும்பியிருந்தார். "இத்தனை மாசமா எங்க ரெண்டு பேரையும் பொம்மை மாதிரி ஆட்டியிருக்கீங்க."

"அதேதான்" என்றார் கோச்.

அவர் பேச்சை இவர் ஒத்துக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 2

கேப்டனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இன்றும் உட்காரவில்லை.

"அன்னைக்கு, பேர் இருக்குன்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"இல்லை. முடிச்சிடலாம்னு நினைச்சேன்."

"என் பொண்ணுக்கு அங்க ஸ்கூல் வரைக்கும் பார்த்து வெச்சிருந்தோம். வேணாம்னுட்டேன்." கதவிலிருந்து கையை எடுத்தார். "சரி, பேர் வந்துடுச்சு. வரேன் மேடம்."

மேடமாம். ஏழு வருஷம் அக்கான்னு கூப்பிட்ட வாய். திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்.

செப்டம்பர் 3

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு பண்ணினே. நீயே போய்ச் சொன்னே. ரெண்டாவதுக்கும் மார்க் உண்டு" என்றார். வாத்தியார் புத்தி. இருந்தாலும் நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 6

மாற்றல் உத்தரவு வந்தது. திங்கட்கிழமை முதல் நான் பயிற்சி மைதானத்து அலுவலகத்தில், ஜூனியர் அணிகளுக்குச் செயலாளர். படித்ததும் கழிவறைக்குப் போய் இரண்டு நிமிடம் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி படித்தேன். வேலை எனக்குப் பிடித்த வேலைதான். அங்கேயும் நன்றாகச் செய்வேன், அதில் சந்தேகமே இல்லை.

அடியில் சேர்மன் கையெழுத்து, பக்கத்திலேயே கோச் கையெழுத்து. யாரும் தூக்கிக்கொண்டு அலையாமல் அவர்களே சேர்ந்து உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள்.

கோப்பு எண் போட மறந்திருந்தார்கள். நானே போட்டேன். பிறகு, மேலே ஒன்று கீழே ஒன்று என்று எப்போதும் போல இரண்டு எடுக்காமல், ஒரே ஒரு நகல் எடுத்தேன். இரண்டு பேருக்கும் சேர்த்து இனி ஒன்று போதும்.