‘வெச்சுக்கோ’ என்று கொடுத்த பணம்

ஜூன் 2, செவ்வாய். கப்பலில் இரண்டாம் நாள்

என் பணத்தை என் மகள் எடுத்துவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. தேதி போட்டு எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் வேறு மாதிரி பேசக் கூடாது.

பயணச் செலவுக்கு நான் தனியாகச் சேர்த்தது ஆயிரத்து இருநூறு டாலர். கம்பெனி வேலை முடிந்த பிறகு மாடி மாடியாக ஏறி, ஊரார் வீட்டு ஃபிரிட்ஜுகளைப் பழுது பார்த்துச் சேர்த்தது. டிக்கெட்டை மகளும் மாப்பிள்ளையும் போன வருஷமே எடுத்துவிட்டார்கள். அதை நான் தடுக்கவில்லை. ஆனால் கப்பலில் ஒரு காபிக்குக்கூட இன்னொருவர் கையை எதிர்பார்க்க மாட்டேன் என்று கிளம்பும் முன்பே சொல்லிவிட்டேன். அதற்குத்தான் அந்தப் பணம்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. மூன்றாகப் பிரித்தேன். பனியனுக்குள் தைத்த பையில் ஒரு கட்டு, இடுப்புப் பட்டிக்குள் ஒரு கட்டு, காலுறைக்குள் ஒரு கட்டு. மூன்றுக்கும் ஊக்கு குத்தியிருந்தேன். துறைமுகத்துச் சோதனை வாசலில் நுழைந்ததும் பீப் என்றது. இடுப்பு ஊக்கைக் கழற்றினேன். மறுபடியும் பீப். பனியன் ஊக்கு. மறுபடியும் பீப். பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள், எவனோ சிரிக்கிறான். காவலாளி காலைக் காட்டினான். குனிந்து அதையும் உருவி, மூன்று கட்டையும் ஒரே கவரில் போட்டு, பக்கத்தில் நின்ற மகளிடம் “இத வெச்சுக்கோ” என்று நீட்டிவிட்டு வாசலைத் தாண்டினேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது.

உள்ளே போனதும் அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கண் கலங்கியிருந்தது. கப்பலைப் பார்த்த சந்தோஷம் என்று நினைத்தேன்.

இன்று காலைச் சாப்பாட்டின்போது கவரைக் கேட்டேன். “எந்தக் கவர்ப்பா?” என்றாள். பிறகு முகம் மாறியது. “அத நேத்தே கவுன்டர்ல கட்டிட்டேனே. நீங்கதானே வெச்சுக்கோன்னு குடுத்தீங்க?”

இந்தக் கப்பலில் ரொக்கம் செல்லாது. அறைக் கதவைத் திறக்கிற அட்டைதான் பணமும். அதைப் பேங்க் கார்டோடு இணைக்க வேண்டும்; இல்லையென்றால் முன்கூட்டியே ரொக்கம் கட்டிவைக்க வேண்டும். நாலு பேர் அட்டைக்கும் சேர்த்து என் பணத்தைக் கட்டியிருக்கிறாள்.

“உன் பேங்க் கார்டு என்ன ஆச்சு?” என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தாள். மாப்பிள்ளை ரொட்டி எடுத்து வருவதாக எழுந்து போனார். தட்டில் இரண்டு ரொட்டி அப்படியே இருந்தது.

வெச்சுக்கோ என்றால் பத்திரமாக வை, கேட்கும்போது கொடு என்று அர்த்தம். எடுத்துக்கோ என்றால்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதுகூடத் தெரியாமலா இவளைப் படிக்க வைத்தேன்?

அதே நாள், மதியம்

வீட்டுக்காரியிடம் நியாயம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ஆட்டோக்காரன்கிட்ட மீதிய வெச்சுக்கப்பான்னு சொல்றீங்களே. அவன் என்ன, உங்களுக்காகப் பொட்டில போட்டுப் பூட்டியா வெச்சிருக்கான்?”

அது வேறு வெச்சுக்கோ என்றேன்.

“சொல்ற வாய் ஒண்ணுதானே” என்றாள்.

ஜூன் 3, புதன்

அட்டையைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பெரிய கூடத்தில் சாப்பாடு இலவசம், தண்ணீர் இலவசம். அங்கே ஒரு இயந்திரத்தில் காபியும் இலவசம். பாத்திரம் கழுவிய தண்ணீர் தோற்றுப்போகும். மேல்தளத்தில் நல்ல காபி, அட்டையைக் காட்ட வேண்டும். வீட்டுக்காரி அங்கே வாங்கி, பாதியை எனக்குக் கொண்டுவந்தாள்.

“நம்ம பணந்தானே அதுல கெடக்கு. குடிங்க.”

“கணக்கு அவ பேர்ல இருக்கு.”

“அப்ப ஆறட்டும்” என்று அதையும் அவளே குடித்தாள்.

கவுன்டருக்குப் போனேன். அங்கே கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்ட ஒரு பெண். நான் பிழைப்புக்காக ரிப்பேர் புத்தகங்களைப் பார்த்து நானாகவே கற்ற இங்கிலீஷ் அவளுக்குப் புரியத்தான் செய்தது. ஆனாலும் பிடி கொடுக்கவில்லை. கட்டியவர் கையில்தான், அதுவும் கடைசி நாளில்தான், மிச்சத்தைத் தருவார்களாம். எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன். கணக்கு என் பேரில் இல்லாததால் அதையும் சொல்ல முடியாதாம். என் பணத்தில் எவ்வளவு மிச்சம் என்று எனக்கே சொல்லக் கூடாது!

அறையில் நாலு எண் போட்டுப் பூட்டுகிற இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. வைக்க ஒன்றும் இல்லை. என் பல் செட்டை வைத்துப் பூட்டினேன்.

ஜூன் 4, வியாழன்

மகளோடு பேசவில்லை. மாப்பிள்ளை மட்டும் காற்று நன்றாக இருப்பதாகச் சொன்னார். ஆமாம் என்றேன்.

ஜூன் 5, வெள்ளி. மாலை

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் கப்பல் கரையில் நின்றது. நாலரைக்குள் எல்லோரும் திரும்ப வேண்டும், ஐந்துக்குக் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது என்று அறிவித்தார்கள். சேர்ந்து போகலாம் என்று மகள் அம்மாவிடம் சொல்லி அனுப்பினாள். வேண்டாம் என்றேன். என் பேங்க் கார்டு இருக்கிறது, ஊருக்குள் போய்ப் பணம் எடுத்துக்கொள்வேன், எவர் தயவும் தேவையில்லை. வீட்டுக்காரி செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தாள்.

கப்பல்காரர்களின் பஸ் எங்களை ஊர் நடுவே மேட்டில் இறக்கிவிட்டது. திரும்புகிற கடைசி பஸ் மூன்றரைக்கு. முதல் ஏடிஎம்மில் பணம் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. மூன்றாவது கார்டையே விழுங்கிக்கொண்டது. வெளிநாடு போவதாக முன்கூட்டியே பேங்க்கில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டுமாம். கிளம்பும் முன் மகள் இரண்டு தடவை அதைச் சொன்னாள். எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம் என்றிருந்தேன்.

கார்டை விழுங்கிய ஏடிஎம்மின் பேங்க்கைத் தேடி நான்கு தெரு சுற்றினோம். பூட்டியிருந்தது. ஓடி வரும் அவசரத்தில் வீட்டுக்காரி கல்படியில் கால் மடங்கி விழுந்தாள். கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது. பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தபோது பஸ் போயிருந்தது. மூன்று ஐம்பது.

ஒரு டாக்சியை நிறுத்தினேன். கையில் வேறு எதுவும் இல்லை. கப்பல் அட்டையை நீட்டினேன். அவன் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி திருப்பிக் கொடுத்தான். அது கப்பலுக்குள் மட்டும்தான் பணம். கரையில் வெறும் அட்டை. கைக்கடிகாரத்தைக் கழற்றினேன். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவள் ஒரு செருப்புக் கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். “நீங்க போங்க. நான் மெதுவா நீந்தி வரேன்” என்றாள். நாற்பத்தாறு வருஷமாக இவளுக்கு எந்த நேரத்தில் எதைப் பேசுவது என்று தெரியாது. அவள் கையை என் தோளில் போட்டு நடத்தினேன். இருபது அடி, நிற்பது. இருபது அடி, நிற்பது. கீழே கப்பல் தெரிகிறது. அது சங்கு ஊதியது. கப்பல் போய்விட்டால் என்ன செய்வது? கையில் காசில்லை, தெரிந்த முகம் ஒன்றில்லை, நடக்க முடியாதவளை எங்கே படுக்க வைப்பேன்?

அப்போது மாப்பிள்ளை மேடேறி ஓடி வந்தார். கடைசி பஸ்ஸில் நாங்கள் இறங்காததைப் பார்த்து, துறைமுக வாசலிலிருந்து முழுத் தூரத்தையும் ஓடியே வந்திருக்கிறார். சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. ஒரு டாக்சியை மறித்தார். ஆனால் உடனே ஏற்றவில்லை. விரலைக் காட்டிக் காட்டிப் பேரம் பேசினார். அத்தை ஒற்றைக் காலில் நிற்கும்போது என்ன பேரம் என்று எனக்குச் சுருக்கென்றது.

துறைமுகத்தில் இறங்கியதும் “மாமா, மொதல்ல அத்தைய உள்ள கூட்டிட்டுப் போங்க” என்றார். நான் போகாமல் பார்த்தேன். சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டு. கால்சட்டைப் பையிலிருந்து ஒன்று. போன் உறைக்குப் பின்னால் எட்டாக மடித்து ஒன்று. மிச்சத்துக்குச் சில்லறையை உள்ளங்கையில் பரப்பி இரண்டு தடவை எண்ணினார்.

நாலு முப்பத்தெட்டுக்கு உள்ளே விட்டார்கள்.

எத்தனை வீடுகளில் ரிப்பேர் கூலிக்காக வாசலில் நின்றிருக்கிறேன். பர்ஸைத் திறந்து கொடுக்கிற வீடும் தெரியும், நாலு இடத்தில் தேடிச் சேர்த்துக் கொண்டுவருகிற வீடும் தெரியும். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவர் இப்படி எண்ண மாட்டார்.

ஜூன் 6, சனி

கப்பல் டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பியிருந்தார். வீட்டுக்காரி காலை நீட்டி, ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நேராகக் கேட்டேன்.

“மாப்பிள்ளைக்கு வேலை இருக்கா?”

ஐஸ் பையைக் கொஞ்சம் நகர்த்தினாள். பிறகு சொன்னாள். பிப்ரவரியிலிருந்து இல்லை. டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு காசு திரும்பாது, அதனால் வந்திருக்கிறார்கள். மகளின் கிரெடிட் கார்டு எல்லை முட்டி நிற்கிறது. கையில் இருந்தது தொண்ணூறு டாலர். நாலு பேருக்கும் தினசரி சேவைக் கட்டணம் கட்டாயம், அதற்கே போதாது. கவுன்டருக்குப் போனால் என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் அந்த வாசலில் நின்ற நேரத்தில்தான் நான் கவரை நீட்டியிருக்கிறேன்.

“அப்பாவுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கும்மா. ஒரு கேள்வி கேக்கல. கைல குடுத்துட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டாருன்னு அழுதா” என்றாள்.

எப்படித் திரும்பிப் பார்ப்பேன்? அந்த வாசல் மறுபடியும் கத்துமோ என்றல்லவா போய்க்கொண்டிருந்தேன்.

“அப்ப நீ ஏன் அன்னிக்கே சொல்லல?”

“சொல்லாதன்னு சத்தியம் வாங்கிட்டா. நீங்க தெரிஞ்சுதான் குடுத்தீங்கன்னு நானும் நெனச்சேன். மறுநாள் சாப்பிடுற எடத்துல கேட்டீங்க பாருங்க, அப்பத்தான் உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எங்களுக்குத் தெரிஞ்சுது.”

வெளியே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு நாள் முழுக்க அவளுக்கு அப்படி ஒரு அப்பா இருந்திருக்கிறான். சொல்லாமலே புரிந்துகொண்டு கொடுக்கிறவன். மறுநாள் காலையில் நானே போய் அவனைக் கலைத்துவிட்டேன், அதுவும் மாப்பிள்ளை முன்னால் வைத்து. நாலு மாசமாக என் வீட்டுக்கு வருகிறாள், போகிறாள். ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொன்னால் நான் என்ன சொல்லியிருப்பேன்? அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். அதை நான் விடுவதாக இல்லை.

ஜூன் 7, ஞாயிறு

மகள் அறைக்கு வந்தாள். கவுன்டரில் வாங்கிய கணக்குத் தாளை நீட்டினாள். “நாளைக்கு மிச்சத்த வாங்கிக் குடுத்துடறேன்ப்பா. கொறையறத மாசாமாசம் தரேன்” என்றாள். உட்காரவில்லை.

தாளைப் படித்தேன். அவள் அட்டையில் செலவு ஒன்றுமில்லை. மாப்பிள்ளை அட்டையில் ஒன்றுமில்லை. ஒரு சோடாகூட இல்லை. ஆறு நாளாக இவர்களும் அந்தக் கழுநீரைத்தான் குடித்திருக்கிறார்கள். வீட்டுக்காரி அட்டையில் பதினோரு காபி. சேவைக் கட்டணம். எல்லாவற்றுக்கும் கீழே, எல்லாவற்றையும்விடப் பெரிய தொகையாக, டாக்டர் பார்த்த செலவு. கணுக்கால்.

அந்தக் கணுக்காலை யார் மேட்டுக்கு அழைத்துப் போனது?

அவள் நின்றுகொண்டே இருந்தாள். எந்த வார்த்தையைச் சொன்னாலும் அதற்கு இரண்டு அர்த்தம் இருக்குமோ என்று பயமாக இருந்தது. “கூட்டல் சரியா இருக்கு” என்றேன்.

“ரெண்டு தடவ பாத்தேம்ப்பா” என்றாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

ஜூன் 8, திங்கள். காலை

இறங்க இரண்டு மணி நேரம் இருக்கிறது. மறதிக்கு இடம் தராமல் எழுதுகிறேன்.

கவுன்டரில் மிச்சப் பணத்தை வாங்க வேண்டியது — மகள். அந்தக் கண்ணாடிப் பெண்ணின் எதிரிலேயே எண்ண வேண்டும், வெளியே வந்து எண்ணக் கூடாது. எண்ணியதை அவளே கைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். இந்த மாத வாடகை அதிலிருந்து. என்னிடம் கேட்கத் தேவையில்லை. மாசாமாசம் தருகிற பேச்சை விட வேண்டியதும் அவள்தான்.

அடுத்த தடவை எதுவானாலும் முதல் நாளே சொல்ல வேண்டியது — மகள். கத்தாமல் கேட்க வேண்டியது — நான். பழக வேண்டும்.

சக்கர நாற்காலி கேட்டு வாங்க வேண்டியது — மாப்பிள்ளை. தள்ள வேண்டியது — நான். யாரும் பிடுங்கக் கூடாது.

பேங்க்கில் வரிசையில் நின்று, சொல்லாமல் போனது என் தவறு என்று எழுதிக் கொடுத்துப் புதுக் கார்டு வாங்க வேண்டியது — நான்.

பதினோரு காபியைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாதது — நான். வீட்டுக்காரியும் அதைச் சொல்லிச் சிரிக்கக் கூடாது.

வேலை போனதை என்னிடம் சொல்ல வேண்டியது — மாப்பிள்ளை, தன் வாயால். நானாகக் கேட்க மாட்டேன். இதில் மாற்றமில்லை.

துறைமுகத்திலிருந்து வீட்டுக்கு பஸ்ஸில் நாலு மணி நேரம். பெண்கள் இரண்டு பேரும் முன் சீட்டில். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தூங்காமல் வர வேண்டியது — நான்.