பனி இறங்கினால் பிள்ளை எனக்கு

நவம்பர் 6, 2025
நேற்று பௌர்ணமி. கூக்கால் ஏரியே தெரியாத அளவுக்கு மூடுபனி. நிலவு தெரியவில்லை, அதனால் மகள் சுபஸ்ரீ இன்னும் என்னிடம் இருக்கிறாள். தாயரசின் சட்டம் அப்படி. மனைவி இறந்தால் பிள்ளை அவளுடைய அக்கா வீட்டுக்கு, புருஷன் தன் அம்மா வீட்டுக்கு. ஆனால் நிலவின் முன்னால்தான் பிள்ளையை ஒப்படைக்க வேண்டும். மூன்று பௌர்ணமி தொடர்ந்து நிலவு முகம் காட்டாவிட்டால் பிள்ளை தகப்பனோடேயே இருக்கலாம். ஒன்று கழிந்தது. தோட்டத்துப் பூண்டுக்கு ஆகாத பனி எனக்கு ஆகியிருக்கிறது.

நவம்பர் 14
பிள்ளையை என்னிடமே விடச் சொல்லி மனு கொடுக்கச் செண்பகனூர் ஆபீஸுக்குப் போனேன். சன்னலில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "ஆம்பளைங்க கையெழுத்து செல்லாதுங்கண்ணே. வீட்டுல பொம்பளைங்க யாராச்சும் போடணும்." எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே பெண்ணுக்கு ஆறு வயது. பென்சிலை இன்னும் முஷ்டியில்தான் பிடிக்கிறாள்.

நவம்பர் 22
அம்மா எங்கே என்று மறுபடியும் அழுகை. என்ன சொல்ல? கோயிலில் சொல்வதையே சொன்னேன் — செத்துப்போன தாய்மார் நிலவில் இருப்பார்கள் என்று. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது.
"பாத்தா தெரியுமாப்பா?"
"உத்துப் பாத்தா தெரியும் தாயி."
உடனே தூங்கிவிட்டாள்.

டிசம்பர் 5
நேற்றும் பனி. இரண்டு.

டிசம்பர் 19
என் மனைவி தேவசேனாவின் அக்கா, பிச்சையம்மாள் மதினி, கம்பளிச் சட்டையோடு வந்தார். நல்ல மனுஷி. கெட்டவராக இருந்தால் திட்டவாவது செய்யலாம்.
"மதினி, பிள்ளை வேண்டாம்னு நீங்க சொல்லக் கூடாதா?"
"சொன்னா கோயிலுக்கு எடுத்துக்கிருவாங்க தம்பி. எங்கிட்ட இருந்தா நீங்க வந்து பாக்கவாச்சும் செய்யலாம்ல."
அவர் கையிலும் ஒன்றும் இல்லை. யார் கையில்தான் இருக்கிறது?

ஜனவரி 2, 2026
மூன்று நாளாகச் சுள்ளென்று வெயில். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. ஆண் சாமி, வெளியே சொல்லக் கூடாது — பழனி முருகனை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். நாளைக்கு மட்டும் பனி இறங்கினால் போதும். நாளைக்கு மட்டும்.

ஜனவரி 4
இறங்கியது. நேற்று மத்தியானமே இறங்கிவிட்டது.
சாயங்காலம் ஏரிக்கரையில் ஊரே நின்றது. சின்னத்தாயிதான் எங்கள் ஊருக்குப் பூசாரி, அதிகாரி எல்லாம். மூன்று தடவை கேட்பார். பெண் ஒருத்தி பார்த்தேன் என்று சொன்னால்தான் கணக்கு.
"யாருக்காச்சும் தெரியுதா?"
யாரும் பேசவில்லை. மறுபடியும் கேட்டார். இல்லை.
அப்போது கிழக்கே பனி ஒரு கையகலம் விலகியது. நான் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. குளிரில் எல்லாரும் முக்காட்டை இழுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள். மூன்றாவது தடவை கேட்டார்.
என் தோளில் உட்கார்ந்திருந்தவள் கையை நீட்டினாள்.
"எனக்குத் தெரியுது. அந்தா, எங்கம்மா."
நான்தானே சொன்னேன். உத்துப் பாருன்னு நான்தானே சொல்லிக் குடுத்தேன்.

ஜனவரி 18, கிளாவரை
அம்மா வீட்டில் எனக்குச் சோலி ஒன்றும் இல்லை. சாயங்காலம் மதினி போன் போட்டுச் சுபஸ்ரீயிடம் கொடுத்தார்.
"அப்பா, நெலாவ நான்தான் பாத்துச் சொன்னேன்னு ஸ்கூல்ல எல்லாரும் கை தட்டுனாங்க. நீங்க எனக்கு முன்னாடியே பாத்தீங்களா?"
"இல்ல தாயி. நீ காட்டுனப்பறந்தான் பாத்தேன்."
"அப்ப நான்தான் ஃபர்ஸ்ட்டு."
"ஆமா. நீதான்."