சுவரைப் பூசச் சொன்னது நான்தான்

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன், மாடு, கன்று எல்லாரும் சௌகரியம். உன் அண்ணியும் இப்போது சௌகரியம். அந்த 'இப்போது' என்பதற்கு அடியில் ஒரு கோடு போடச் சொல்லியிருக்கிறேன், ஏன் என்று போகப் போகத் தெரியும். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சளி இருமல் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது. போனில் கேட்டால் நீ 'நல்லா இருக்கேம்பா' என்பாய், நானும் 'நல்லா இருக்கேம்மா' என்பேன், இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவோம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் கடிதம்.

ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் சாய்ந்து பஸ்ஸெல்லாம் ஊரைச் சுற்றிப் போன வருஷம், மில் ஆட்கள் கூலி உயர்வு கேட்டு வாசலில் உட்கார்ந்து பெருமழை வந்ததும் எழுந்து ஓடிய வருஷம், உனக்கு முன்பல் இரண்டும் விழுந்து சிரித்தால் ஓட்டை தெரிந்த வருஷம், அந்த வருஷம்தான் நம் வீட்டுக்குள் கருங்காய்ச்சல் வந்தது, டாக்டர்கள் காலா அசார் என்பார்கள். உனக்கு ஊசி ஞாபகம் இருக்கும், நோயின் பேர் ஞாபகம் இருக்காது. ஊசி போடுகிற அறைக்கு வெளியே பச்சை பெயிண்ட் அடித்த ஒரு நீளப் பெஞ்சு. சுவரோரம் உன் பெரியப்பா, அவருக்குப் பக்கத்தில் உன் அம்மா, அடுத்து பக்கத்து வீட்டுத் தையல்காரர், அடுத்து நான், மடியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து ஓரத்தில் தனியாக நீ. எல்லாருக்கும் கைகால் குச்சி, வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும், மண்ணீரல் வீங்கிவிட்டது என்றார்கள். தையல்காரர் என் வயிற்றைத் தட்டி, 'என்ன அண்ணே, எத்தனாவது மாசம்?' என்பார். நடுங்கிக்கொண்டே சிரிப்போம். உன் அண்ணன் அப்போது மாமா வீட்டில் தங்கிப் படித்ததால் தப்பித்தான். பாலத்தைச் சரி செய்வதற்குள் பெரியப்பா போய்விட்டார். மற்ற நாலு பேரும் பிழைத்தோம், நோய் தொலைந்தது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லீவுக்குப் பேத்தியோடு வருகிறேன் என்று போன மாதம் நீ சொன்னபோது, வீட்டில் வேலை நடக்கிறது வராதே என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். 'நான் வர்றது உங்களுக்குப் பிடிக்கலையாப்பா?' என்று கேட்டாய். போனை உன் அண்ணியிடம் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். மாடு அப்போதுதான் வயிறு முட்டக் குடித்திருந்தது, என்னை ஒரு மாதிரி பார்த்தது. நீ அன்றைக்கு அழுதாய் என்று அண்ணி பிறகு சொன்னாள். உன்னை வர வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் வேலை இல்லை, நான்தான்.

போன வருஷம் மழை ஓய்ந்த கையோடு மருந்தடிக்கிற ஆட்கள் முதுகில் டப்பாவோடு வந்தார்கள். மணல் ஈ என்று ஒன்று இருக்கிறதாம். நாம் பொடிக்கொசு என்று தட்டிவிடுவோமே அதுதான். கொசுவில் கால்வாசிகூட இருக்காது, சத்தம் போடாது, உயரப் பறக்கத் தெரியாது, தரையோடு தத்தித் தத்திப் போகும், பகலில் மண்சுவரின் வெடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும், இருட்டியதும் வந்து கடிக்கும். சாணியும் ஈரமும் சேர்ந்த மண்ணில் அது குஞ்சு பொரிக்குமாம். நம் மாட்டுக்கொட்டகைதான் வீட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறதே, அதற்கு வேறென்ன வேண்டும். அவர்கள் உள்சுவர் முழுக்க மருந்தடித்துவிட்டு, 'பெரியவரே, சுவத்துல கை வெச்சிராதீங்க, மேல மண்ணு பூசிராதீங்க, பூசுனா மருந்து உள்ள போயிரும், ஈ வெளிய உக்காந்துக்கும்' என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். காய்ந்ததும் சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பார்க்கச் சகிக்கவில்லை.

அந்த வாரம்தான் நீ போன வருஷ லீவுக்கு வருவதாகச் சொன்னாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடி மாதிரி சுவர் உள்ள வீட்டில் வளர்கிற பிள்ளை, இதைப் பார்த்து 'தாத்தா வீட்டுச் சுவத்துக்கு என்ன சீக்கு?' என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று அதுவே மண்டைக்குள் ஓடியது. செம்மண் குழைத்து ஒரு பூச்சு பூசிவிடு என்று உன் அண்ணியை நச்சரித்தேன். அவள், 'அவங்க அவ்வளவு சொல்லிட்டுப் போனாங்களே மாமா' என்றாள். 'சொல்றவனா வந்து குடியிருக்கப் போறான்?' என்று கேட்டேன். பெரிய கெட்டிக்காரத்தனமான பேச்சு பேசிவிட்டதாக அன்றைக்கு எனக்கு ஒரு பெருமை. அவள் வேலை முடிந்து வந்து, இடுப்பில் துணியைச் செருகிக்கொண்டு, நாலு சுவரையும் தன் கையாலேயே வழவழவென்று பூசினாள். நான் கட்டிலில் உட்கார்ந்து இந்த மூலை விட்டுப்போச்சு, அந்த மூலை விட்டுப்போச்சு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு உனக்கு லீவு கிடைக்கவில்லை. இதை உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை மகளே, நீ என்ன செய்வாய், நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் உனக்கு விளங்கும்.

கோடை தொடங்கும்போது உன் அண்ணிக்குக் காய்ச்சல் கண்டது. விடும், பிறகு வரும். வேலைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்தாள். உன் அண்ணன் லாரியை எடுத்துக்கொண்டு வெகுதூரம் போயிருந்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்த விதத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்தப் பெஞ்சில் இருந்தவனுக்குத் தெரியாதா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இப்போது அந்தப் பழைய ஊசி இல்லை, பாட்டிலில் மருந்தேற்றினார்கள். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் உன் அண்ணன் வாயையும் அடைத்தேன். மருந்து ஏறும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், கரண்ட் போய்விட்டது, புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றி அவளுக்கு விசிறினேன். அப்போது அங்கே வந்த நர்ஸ் பாட்டிலைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். நெஞ்சிலும் கழுத்திலும் இந்த வெளுப்பு எப்போதிலிருந்து என்றாள். 'அது கெடக்குதும்மா, வயசானா தோல் வெளுக்காதா' என்றேன். 'வயசானா முடிதான் தாத்தா வெளுக்கும்' என்றாள். பக்கத்துக் கட்டில்காரன்கூடச் சிரித்தான். அவள் மட்டும் சிரிக்கவில்லை. முன்னாடி கருங்காய்ச்சல் வந்ததுண்டா என்று கேட்டாள். பாலம், மில், பெஞ்சு எல்லாம் சொன்னேன். தோலில் துளி சுரண்டி எடுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் பெண் என்னை உட்காரவைத்துச் சொன்னது இதுதான். காய்ச்சல் போனாலும் சில பேருக்கு அந்தக் கிருமி தோலுக்குள் போய்த் தங்கிவிடுமாம். வலிக்காது, அரிக்காது, வெளுப்பாக மட்டும் இருக்கும். ஈ வந்து அந்தத் தோலில் கடித்துவிட்டு, கொஞ்ச நாள் கழித்து இன்னொருவரைக் கடித்தால் அவருக்குப் போய்விடும். நோய் போன சில வருஷத்திலேயே எனக்கு முதல் வெளுப்பு வந்தது, அழுக்குத் தேமல் என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு திரிந்தேன். எத்தனை வருஷமாக ஈக்குப் பந்தி போட்டிருக்கிறேன் பார். உங்களிடமிருந்துதான் மருமகளுக்கு வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, தெரியாமல் நடந்தது, உங்கள் மேல் தப்பில்லை என்றும் டாக்டர் சொன்னாள். நல்ல பெண். ஆனால் நம் தெருவில் வேறு யாருக்கும் இல்லை என்று வீடு வீடாகப் பார்த்துவிட்டார்கள். வீட்டில் உன் அண்ணி கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவே ஒரு தட்டிதான். தோலில் இருந்தது எனக்குத் தெரியாது, சரி. சுவர் தெரியுமே. சொன்னதைக் கேட்காமல் பூசவைத்தவன் நான்தானே.

இந்த இடத்தில் உன் அண்ணி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். 'இதை நான் எழுத மாட்டேன் மாமா, பூசுனது நான், எனக்கும் காது இருந்துச்சே' என்கிறாள். எழுது என்கிறேன். 'எழுதுனா அவ அங்க உக்காந்து அழுவா' என்கிறாள். அழட்டும், தெரியாமல் அழுததற்கு இது மேல் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறாள். அவளுக்கு முடி கொட்டி இப்போதுதான் முளைக்கிறது, கோழிக்குஞ்சு மாதிரி இருக்கிறாள். இதையும் எழுது என்றேன், முறைக்கிறாள், எழுதினாளா இல்லையா என்று நீதான் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஒரு சொல் என்னைக் கடிந்து பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அப்படிப் பேசவே இல்லை. என் துணியைத் துவைத்துப் போடுகிறாள், மூன்று மாதத்துக்குக் கொடுத்திருக்கிற மாத்திரையைச் சாப்பாடு முடிந்ததும் கையில் வைத்து, 'வாயத் தொறங்க, நாக்கத் தூக்குங்க' என்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறாள். மாத்திரை குமட்டுகிறது. அவள் அந்தப் பாட்டில் மருந்தோடு நடுங்கியதை நினைத்து விழுங்கிவிடுகிறேன்.

கொட்டகையை வீட்டைவிட்டுத் தள்ளிக் கட்டச் சொல்லி உன் அண்ணனிடம் சொல்லியாயிற்று, வெடிப்பையெல்லாம் அடைத்தாயிற்று, மருந்தடிக்கிறவர்கள் மறுபடி வந்து அடித்தார்கள். திட்டுத் திட்டாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும். நான் நெருக்கமாக நெய்த வலைக்குள் தனியாகப் படுக்கிறேன், வலையில் மாட்டின மீன் மாதிரி. மாத்திரை முடிந்து, தோலைச் சுரண்டிப் பார்த்து, இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகு நீ வா, அதற்கு முன்னால் பேத்தியை இந்த வாசல்படி மிதிக்கவிடாதே. வராதே என்று நான் சொன்னதற்கு இதுதான் அர்த்தம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம், இதற்காகத்தான் இவ்வளவும். போன தடவை படம் தெரிகிற போனில் பேசும்போது நீ முடியைத் தூக்கிக் கட்டினாய். இடது காதுக்குக் கீழே ஒரு வெளுப்பு பார்த்தேன். என்னம்மா அது என்று கேட்டதற்கு, 'சோப்பு ஒத்துக்கலப்பா, டாக்டர் களிம்பு கொடுத்திருக்கார்' என்றாய். அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது புரிந்ததிலிருந்து உருண்டு உருண்டு படுக்கிறேன். சோப்பாகவே இருக்கட்டும், என் வாய் பொய்க்கட்டும். ஆனால் போய்க் காட்டு. அந்த ஊர் டாக்டருக்கு இந்த நோய் புத்தகத்தில்தான் தெரிந்திருக்கும், நீ சொல்லாவிட்டால் அவருக்குத் தோன்றாது. சின்ன வயதில் கருங்காய்ச்சல் வந்தது, ஊசி போட்டார்கள், அப்பாவுக்குத் தோலில் இருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று மூன்றையும் சொல். அவர் களிம்பு போதும் என்றால் எழுந்து வராதே, சுரண்டிப் பாருங்கள் என்று கேள். சின்னப்பிள்ளையில் பெஞ்சில் அடம்பிடித்தாயே, அதே மாதிரி அடம்பிடி. அங்கே இந்த ஈ இருக்காது, பேத்திக்குப் பயம் இல்லை என்று நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், அதனால் பிள்ளையைத் தள்ளி வைக்காதே, கட்டிப்பிடித்தால் ஒட்டாது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பேத்தி நீண்ட ஆயுளோடு நிறையப் படித்து வளரட்டும், நீங்கள் மூவரும் குறை ஒன்றும் இல்லாமல் வாழ வேண்டும். கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, திட்டுவதானாலும் பண்ணு, எடுத்துப் பேசுகிறேன், மாட்டிடம் போக மாட்டேன். கழுத்தைக் கண்ணாடியில் பார்க்க மறக்காதே.

அந்தப் பச்சைப் பெஞ்சு அடிக்கடி கண்ணில் வருகிறது. பெரியப்பா பாலம் சரியாவதற்கு முன்பே போனார். தையல்காரர், மில்லை இழுத்து மூடிய வருஷம், தைத்துக்கொண்டிருந்த சட்டை மேலேயே சாய்ந்தார். உன் அம்மா, பேத்தி பிறந்த சேதி வந்து நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நான் இருக்கிறேன், என்னைக் கணக்கில் சேர்க்காதே, போகிற வயசு. எனக்குப் பிறகு அந்தப் பெஞ்சில் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவள் நீ ஒருத்திதான் மகளே.

இப்படிக்கு,
உனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த அப்பா
இடது கைப் பெருவிரல் ரேகை