குளக்கரைப் பாதையில் ஒரு பானை

லா மார்த்தியே, பிரான்ஸ்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜூடிக்கு,

நீ நலமா, நம் தெரு நலமா, மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறுகிறதா? நான் நலம். என் முழங்கால் மட்டும் உனக்குத் தனியாகக் கடிதம் எழுதும் நிலையில் இருக்கிறது.

போனில் இரண்டு பேரும் "நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை, காகிதத்தில் எழுதிப் படம்பிடித்து அனுப்புங்கள் என்றாய். இதோ எழுதுகிறேன். கையெழுத்தைப் பற்றி மட்டும் பேசாதே.

பெரிய செய்தி: உன் பெயருக்கு அனுமதி வந்துவிட்டது. மனைவியை அழைத்துக்கொள்ளலாம் என்று அரசாங்கமே எழுதிவிட்டது. கியாக்டடாவில் உள்ள விசா அலுவலகத்தில் நீ கைரேகை கொடுத்தால் போதும். ஆகஸ்டு முடிவதற்குள் கொடுக்க வேண்டும், தவறினால் மறுபடி முதலிலிருந்து. மறுபடி அலைய எனக்குத் தெம்பு இல்லை, ஜூடி.

இங்கே நடப்பதே ஒரு பொழுதுபோக்கு. எங்கும் போய்ச் சேருவதற்காக நடப்பதில்லை. நாள் முழுக்கச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து, வந்துவிட்டோம் என்று ஒயின் குடிக்கிறார்கள். சிலர் விடுதிக்கு விடுதி போகிறார்கள். அவர்கள் கைவீசி நடக்க, அவர்கள் பைகளை அடுத்த விடுதிக்கு வேனில் கொண்டுபோய் இறக்குகிறவன் நான். மிஷன் ஸ்கூலில் படித்து, குமாஸ்தா வம்சத்தில் பிறந்து, கடைசியில் போர்ட்டர். ஊரில் சொல்லாதே. சொல்லியிருப்பாய்.

மாலையில் நானும் கொஞ்சம் நடக்கிறேன். காடு முடிந்தால் குளம், குளம் முடிந்தால் காடு. எல்லாம் அந்தக் காலத்துச் சாமியார்கள் வெள்ளிக்கிழமை மீனுக்காக வெட்டிய குளங்களாம். மரத்தில் மஞ்சள் கோடு இருந்தால் போகலாம், மஞ்சளில் பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் வழி இல்லை. படிக்காதவனும் தொலைய முடியாது. விடுதிக்காரி மதாம் கோலெத் நமக்கென்று மாடியில் ஒரு அறை தருவதாகச் சொல்லியிருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் நாரை.

நீ இப்போதிருந்தே நடந்து பழகு. இங்கே உட்கார்ந்திருக்கிற பெண்பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுப் போய்விடுவார்கள்.

தூரத்தில் இருந்தாலும் உன்னுடைய,
மரியஜோசப்


தின்கன்ஜூன், யாங்கோன்
20 மே 2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைக் கரண்ட் வந்தபோது இறக்கி, கரண்ட் போனபோது படித்தேன். நடுவில் வீபிஎன் அறுந்து நாரை மட்டும் மறுநாள் வந்தது. மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் ஏறுவதில்லை, நான்தான் இறங்குகிறேன்.

நீங்கள் போர்ட்டர் என்று யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுத் தையல்கார சைதாவிடம் மட்டும் சொன்னேன். அதனால் தெருவுக்குத் தெரியும்.

நடைப் பயிற்சி தொடங்கியாயிற்று. விடிந்ததும் சைதாவும் நானும் கிளம்புகிறோம். காரணம் இல்லாமல் நடப்பது இந்த ஊரில் எவ்வளவு கஷ்டம் தெரியுமா? இரண்டு டாக்சிக்காரர்கள் நிறுத்தி, எங்கே போக வேண்டும் என்று கேட்டார்கள். டீக்கடைக் கோ முஜிபுர் ரஹ்மான் வெளியே வந்துவிட்டார்.

"என்ன ஸயாமா, டீச்சருக்குப் பஸ்ஸு வரலையா?"

"வந்துச்சு. நாங்கதான் சும்மா நடக்கிறோம்."

"சும்மாவா? வீட்டுல ஏதும் சண்டையா?"

"அவருதான் பிரான்ஸுல இருக்காரே, யாரோட சண்டை போட?"

"அதுக்குத்தான் நடந்தே போறீங்களா?"

அன்றிலிருந்து என்னைப் பார்த்தால், "பாரிஸ் இன்னும் வரலையா?" என்று கேட்கிறார். டியூஷன் பிள்ளைகளும் கற்றுக்கொண்டுவிட்டன. டீச்சராக நான் கட்டிக்காத்த மரியாதை அவ்வளவுதான்.

அனுமதி வந்ததில் சந்தோஷம். ஆனால் ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, பிள்ளைகளைப் பாதியில் விட முடியாது. கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, அது என்ன முடிவெடுக்கிறது என்று பார்க்க வேண்டும். மழையும் வருகிறது.

சரி, சாக்குகளை விட்டுவிடுகிறேன். போகும்போது நாலு வருஷம், பிறகு வந்து உன்னோடு மொஹிங்கா சாப்பிட்டுக்கொண்டு கிடப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். நாலு எப்போதோ போயிற்று. நீங்களே ஒருமுறை வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாதா? வந்தால் திரும்பிப் போக மனசு வராது என்று எனக்கு ஒரு கள்ள நம்பிக்கை. மறைக்கத் தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவுங்கள். அங்கே கிடைக்காவிட்டால் அவர்கள் சாலட்டில் ஊற்றுகிறதைத் தடவுங்கள்.

உங்கள் வரவை இன்னும் எதிர்பார்க்கிற,
ஜூடித்


லா மார்த்தியே
9 ஜூலை 2025

அன்புள்ள ஜூடி,

இங்கே வெயில் கொளுத்துகிறது. குளங்கள் ஓரத்தில் வெடித்துக் கிடக்கின்றன. நடக்கிறவர்கள் மட்டும் நிற்கவில்லை. முகம் செம்பருத்தி மாதிரி ஆகி, அப்படியும் நடக்கிறார்கள்.

பார்க்கச் சகிக்காமல் ஒரு காரியம் செய்தேன். நீ சிரிப்பாய். சந்தையில் இரண்டு மண்பானை வாங்கி, குளக்கரைப் பாதை காட்டுக்குள் திரும்பும் இடத்தில் ஓக் மரத்தடியில் முக்காலி போட்டு வைத்துவிட்டேன். மூடி, மூடிமேல் டம்ளர். நம் தெருவில் பர்மாக்காரர்கள் வைப்பார்களே, போகிற வருகிறவர்களுக்கு, அதே மாதிரி.

முதல் நாள் யாரும் குடிக்கவில்லை. எல்லார் முதுகிலும் தண்ணீர்ப் பை, அதிலிருந்து குழாய் நேரே வாய்க்கு. ஒரு பெண் பானையைப் படம்பிடித்தாள். மறுநாள் தண்ணீருக்குள் சில்லறை கிடந்தது. ஏதோ வேண்டுதல் என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் ஒரு நாய் குடித்தது. நன்றாகவே குடித்தது. பிறகு பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒரு பையன் வந்து, "இது குடிநீர் அல்ல" என்று அட்டை மாட்டிவிட்டுப் போனான். நான் காலையில் வடிகட்டி ஊற்றிய தண்ணீர், ஜூடி.

மதாம் கோலெத்தை முன்னே விட்டு நான் பின்னே நின்று பஞ்சாயத்தில் பேசினோம். இப்போது அட்டையை எடுத்துவிட்டார்கள். தினமும் வேலைக்கு முன்னால் தண்ணீர் மாற்றுகிறேன். நேற்று பக்கத்துப் பண்ணைப் பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு டம்ளர் குடித்தார். டம்ளரைக் கவிழ்த்து மூடிமேல் வைத்தார். அன்று முழுக்க அலுப்பே தெரியவில்லை.

நான் அங்கே வரும் பேச்சு இந்த வருஷம் வேண்டாம். வேனுக்கு வேறு ஆள் இல்லை. அந்தச் சத்தத்துக்கும் புழுக்கத்துக்கும் வந்தால் என்னால் தூங்க முடியுமா என்றும் தெரியவில்லை. நீ வந்துவிடு. கைரேகைக்குத் தேதி வாங்கினாயா? அதை மட்டும் எழுது, பல்லைப் பற்றிப் பிறகு பேசலாம்.

உன்,
ஜோசப்


தின்கன்ஜூன்
26 ஆகஸ்டு 2025

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று கைரேகைக்குப் போனேன். சைதா துணைக்கு வந்தாள். மழை, சூலே பக்கம் பஸ் நகரவே இல்லை. பொழுது போகட்டும் என்று உங்கள் பானைக் கதையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். நாய் குடித்த இடத்தில் பஸ்ஸில் முன் சீட்டுக்காரியும் சிரித்தாள். சைதா சிரிக்கவில்லை.

"ஏன்டி, உனக்குச் சிரிப்பு வரல?"

"அக்கா, நம்ம தெருவுல தண்ணிப் பானை யாரு வைக்கிறா?"

"யாரு, வீடு இருக்கிறவங்க."

"ரெண்டு மாச வாடகைக்கு வந்தவ வைப்பாளா?"

"அவ எதுக்குடி வைக்கப் போறா."

"அதான். ஜோசப்பண்ணன் இனி வரமாட்டாருக்கா."

அதன்பிறகு நானும் சிரிக்கவில்லை. ஆறு வருஷமாக உங்களை நான் ஒரு வழிப்போக்கராகவே நினைத்துக்கொண்டிருந்தேன். கால் வலித்தால் திரும்பிவிடுகிற ஆள் என்று.

அலுவலகத்தில் டோக்கன் கொடுத்தார்கள். குளிர் போட்டு உட்கார வைத்தார்கள். என் முறை வந்தது. அங்கிருந்த பெண் கைரேகை எடுக்கும் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "டோ ஜூடித், விரலை இங்க வைங்க" என்று மரியாதையாகச் சொன்னாள். எனக்கு ஐம்பத்து நாலு வயது. இனிமேல் அங்கே ஒரு கடையில் போய் உப்பு கேட்பதற்கும் உங்களை முன்னே விட்டு நான் பின்னே நிற்க வேண்டும். அதை நினைத்ததும் பயம்கூட வரவில்லை. அலுப்புதான் வந்தது. "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். சைதா குடையை விரித்தாள்.

இந்த ஊர்மேல் எனக்கு ஆசை என்று நினைக்க வேண்டாம். யாருக்கு ஆசை? ஆனால் இங்கே என்னால் சண்டை போட முடிகிறது. தண்ணீர்க்காரனோடு, கரண்ட் ஆபீசோடு, முஜிபுரோடு. அங்கே நாரையோடு எந்தப் பாஷையில் சண்டை போடுவேன்?

உங்கள்மேல் கோபம் இல்லை. நாலு வருஷம் என்று சொன்னதை நான் திரும்பத் தந்துவிடுகிறேன், அதை இனிமேல் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். எனக்காக மறுபடி மனுப் போட வேண்டாம். அந்த மாடி அறையை மதாமிடம் கொடுத்துவிடுங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஜூடித்


லா மார்த்தியே
14 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜூடி,

உன் கடிதம் வந்து நாளாகிறது. பதில் எழுதினேன், கிழித்தேன். கிழித்ததில் முதலாவதில் உன்னிடம் கெஞ்சியிருந்தேன். இரண்டாவதில் சைதாவைத் திட்டியிருந்தேன். மூன்றாவதில் நானே வந்துவிடுகிறேன் என்று எழுதிவிட்டு, அதை உரக்கப் படித்துப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

சைதா சொன்னது சரி. எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அதுதான் வெட்கம்.

மாடி அறையை நேற்று ஒழித்துக் கொடுத்தேன். கட்டில் இரண்டையும் மதாம் பிரித்துப் போட்டுவிட்டாள். "உன் மனைவி எப்போது வருகிறாள்?" என்று கேட்டாள். வரவில்லை என்றேன். ஏன் என்று சொல்வதற்கு எனக்குப் பிரெஞ்சு போதவில்லை. தமிழிலும் போதாது என்று நினைக்கிறேன்.

நீ பதில் எழுத வேண்டும் என்று இல்லை. எழுதினால், யாரோடு என்ன சண்டை என்று எழுது. படிப்பேன்.

ஜோசப்